இடது பக்கம்தான் பாய்வான்

தையல் மெஷின் மெக்கானிக்கை அந்தச் சட்டைக் கம்பெனியில் யாரும் மெக்கானிக் என்று கூப்பிட்டதில்லை. தலைப்புச் செய்தி என்றுதான் பெயர். "மூணாவது லைன்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, தலைப்புச் செய்திய வரச் சொல்லு" என்று சூப்பர்வைசரே சொல்லுவார். மனுஷனும் கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், கையில் எண்ணெய்க் குப்பி, வாயில் அன்றைய உலகம். மெஷினைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டபடியே, எந்த நாட்டில் எந்த மந்திரி ஏன் ராஜினாமா செய்தான், அவன் இடத்துக்கு யார் வருவான், வந்தாலும் ஏன் தேறமாட்டான் என்று சொல்லி முடிப்பார். திருகாணியை இறுக்கி எழுந்திருக்கும்போது அந்த நாட்டுப் பிரச்சினை தீர்ந்திருக்கும். மெஷின் பிரச்சினை சில சமயம் தீர்ந்திருக்காது. இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும்.

அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று அவருக்கு ஒன்றுமே கிடையாது. பெட்ரோல் விலை, புயல், பல்வலி, பங்குச் சந்தை, பக்கத்து வீட்டுக்காரன் மகள் கல்யாணம், எதைக் கேட்டாலும் சுடச்சுட வரும். கேட்காவிட்டாலும் வரும். 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லிக் கேட்ட ஆள் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த அபிப்பிராயங்களால் ஒரு எறும்புகூடச் செத்ததில்லை. ஏனென்றால் யாரும் அதன்படி நடந்ததில்லை. நர்ஸ் படிப்பு வேண்டாம் என்று மகளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் படித்தாள், வேறு ஊரில் வேலையும் வாங்கினாள், அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை ஒதுக்கிவிட்டுத் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். அவர் போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்றபடி அந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பாள். குழாய்ச் சத்தம் இங்கே கேட்கும். மனைவிக்கோ அவர் பேச்சு மின்விசிறிச் சத்தம் மாதிரி, ஓடினாலும் காதில் விழாது. சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும், "இவருக்கு வாய் மட்டும் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் பேச்சை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாத ஜீவன் ஒன்றே ஒன்று. மனைவியின் தம்பி.

கல்யாணமான புதிதில் அவன் பொடியன். சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு நாள் "நிலா ஏன் மாமா நம்மகூடவே வருது?" என்று கேட்டான். "நமக்கு வெளிச்சம் காட்டத்தான். வீட்டுல விட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிடும்" என்றார். வீடு வந்ததும் அவன் இறங்கி நின்று நிலாவுக்குக் கை ஆட்டினான். அவனுக்கு இப்போது முன்வழுக்கை விழுந்துவிட்டது. மனைவி இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாள். ஆனாலும் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு மட்டும் மாறவில்லை. கம்பெனியில் அவனைப் பேக்கிங் பிரிவில் சேர்த்துவிட்டதும் மாமாதான்.

வரிச் செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை. அவர்கள் தைக்கிற சட்டையெல்லாம் கடல் தாண்டி ஒரு பெரிய நாட்டுக்குப் போகிறது. அந்த நாட்டு அரசு, வெளியிலிருந்து வருகிற துணிமணிக்கெல்லாம் இறக்குமதி வரியைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று வேறு பேச்சே இல்லை.

"நம்ம கதை முடிஞ்சுது" என்றார் கட்டிங் மாஸ்டர்.

காஜா எடுக்கிற அக்கா டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்: "அந்த வரிய யாருங்க கட்டுறது, நம்மளா அவங்களா?"

தலைப்புச் செய்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "கேட்டீங்களே, இதான் கேள்வி. கட்டப்போறது அவன் ஊர்க்காரன். அவனுக்குச் சட்டை விலை ஏறும். ஏறினா அவன் சும்மா இருப்பானா? சத்தம் போடுவான். சத்தம் போட்டா அரசாங்கம் வழிக்கு வரும். இதெல்லாம் சும்மா பூச்சாண்டி. ரெண்டு மாசத்துல எடுத்துடுவான், பாருங்க."

"நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றான் எதிரில் இருந்த இஸ்திரிக்காரன். அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான். அதனால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர்.

அந்த வாரக் கடைசியில் மச்சினன் வீட்டுக்கு வந்தான். டி.வி.யில் பெரிய கால்பந்து மேட்ச். சமமாக முடிந்து, பெனால்டியில் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் முன்னால், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வான் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாலு உதைக்கும் அவர் சொன்னது தப்பு. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட. கடைசி உதைக்கு, "இப்பப் பாரு, இவன் இடது பக்கம்தான் பாய்வான், பிடிச்சும் விடுவான்" என்றார். கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்தான். பிடித்தும் விட்டான்.

மச்சினன் வாயைப் பிளந்துகொண்டு மாமாவைப் பார்த்தான். அந்த வியப்பு அடங்குவதற்குள்ளேயே கேட்டான்: "மாமா, ஊர்க்கோடியில புதுசா ஆஸ்பத்திரி வந்திருக்குல்ல. அதுல சலவைப் பிரிவுல என்னைக் கூப்பிடுறாங்க. சம்பளம் கொஞ்சம் கம்மிதான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். இந்த வரி விஷயம் என்ன ஆகும்? நான் போகவா, இருக்கவா?"

ஜெயித்த அணி மைதானத்தில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தது. மாமாவுக்கு அவர்களைவிடச் சந்தோஷம். "போடா, யாராவது கையில இருக்கிற வேலைய விட்டுட்டு அழுக்குத் துணி துவைக்கப் போவானா? ரெண்டே மாசம். பேசாம இரு" என்றார். கண் டி.வி.யிலேயே இருந்தது. அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், இவன் நிஜமாகக் கேட்கிறான் என்று தெரிந்திருக்கும்.

அவன் பேசாமல் இருந்தான்.

முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் பெட்டிகளை ஏற்ற வருகிற கன்டெய்னர் லாரி நின்றது. பேக்கிங் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கூரைவரை ஏறி, ஜன்னலை மறைத்துவிட்டன. பகலிலும் விளக்குப் போட்டு வேலை செய்தார்கள். பிறகு விளக்குப் போடுவதற்கும் வேலை இல்லை. தைத்த சட்டையே கிடக்கும்போது பேக்கிங்குக்கு எதற்கு ஆள்? முதலில் அவர்களைத்தான் அனுப்பினார்கள். மச்சினன் தன் தண்ணீர் பாட்டிலையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, மெக்கானிக் அறைப் பக்கம் வந்து, "வரேன் மாமா. கூப்பிட்டதும் வந்துடுறேன்" என்று சிரித்துவிட்டே போனான். ரெண்டு மாசத்துக் கதைதானே என்று அவனுக்கு எண்ணம்.

அடுத்தடுத்து லைன்கள் மூடின. கட்டிங் மாஸ்டர் போனார், காஜா அக்கா போனார். தலைப்புச் செய்தியை மட்டும் நிறுத்தவில்லை. ஓடாத மெஷினை அப்படியே விட்டால் இறுகிப்போகும். அவ்வப்போது சக்கரத்தைக் கையால் சுற்றி, எண்ணெய் விட்டு, துணி போட்டு மூட வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். சொன்னதெல்லாம் பொய்த்துப் போனவருக்கு வேலை இருந்தது. நம்பினவனுக்கு இல்லை. வரிசை வரிசையாக வெள்ளைத் துணி போர்த்திய மெஷின்களுக்கு நடுவில் அவர் எண்ணெய்க் குப்பியோடு நடந்தார். பேச ஆளில்லை. இருந்திருந்தாலும் என்ன பேசியிருப்பார் என்று தெரியவில்லை.

ரெண்டு மாசம் போய், அதற்கு மேலும் போயிற்று. வரியை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள்.

மனசு கேட்காமல், மச்சினனுக்கு இன்னும் இடம் இருக்குமா என்று கேட்க, ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கே போனார். சலவைப் பிரிவு கீழ்த்தளத்தில். ஆவியும் மருந்து வாசனையும் மூச்சை அடைத்தன. ஆள் உயர மெஷின்கள் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. உலகத்தில் நோய் நிற்காதவரை இந்த வேலை நிற்காது என்று அவருக்கு அங்கே நின்றபோது புரிந்தது. பொறுப்பில் இருந்த அம்மா, "ஆளெல்லாம் எப்பவோ எடுத்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

திரும்பும்போது ஈரப் படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு எதிரே வந்தவன் ஆமாஞ்சாமி. அவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

"நீ எப்படா இங்க வந்த?"

"அது, வரிச் செய்தி வந்த அடுத்த வாரமேண்ணே."

"நான் சொன்னதுக்குச் சரிதாண்ணேன்னு சொன்னியே."

அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. "நீங்க சொன்னது சரிதாண்ணே. இருந்தாலும் பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

வீடு வந்து சேரும்வரை அது அவரை அரித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தலை ஆட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அது வெறும் பேச்சு என்று. மகளுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், ஆமாஞ்சாமிக்குத் தெரியும். தெரியாதவன் மச்சினன் ஒருத்தன்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை மனைவியிடம் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்கு நீங்க சொல்றப்ப நான் இங்கதான் இருந்தேன். எனக்குக் கேட்டுச்சு. எனக்கு உங்க பேச்சு பழகிப்போச்சு. அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்காம விட்டுட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அவரைக் கேலி செய்யாமல் இருந்தது அன்றிலிருந்துதான்.

மச்சினன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மார்க்கெட்டில் கூப்பிடுகிற நாட்களில் மூட்டை தூக்கப் போகிறான் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. டி.வி.யில் ஏதோ மேட்ச். சத்தத்தை வைக்காமல் மாமா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வழக்கமாக உட்காரும் சுவரோரத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, ரெண்டு மாசம்னு சொன்னீங்க. இந்த மாதிரி விஷயத்துல கொஞ்சம் முன்னப் பின்ன ஆகத்தான் செய்யும். வீட்டுலயும் அதான் சொல்லிட்டு இருக்கேன். இன்னும் எவ்வளவு நாள் இழுக்கும்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடுவேன்."

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. வாய் திறந்தது. சொல்வதற்கும் இருந்தது. அங்கே தேர்தல் வருகிறது, கடைக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், அடுத்த மாசம் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று எல்லாம் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. ஒன்றை எடுத்து விட்டால் போதும், இவன் முகம் மலர்ந்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"எனக்குத் தெரியாது மாப்ள" என்றார்.

அவன் சிரித்தான். "விளையாடாதீங்க மாமா."

"நெஜமாத்தான் சொல்றேன். அன்னிக்கும் எனக்குத் தெரியாது. சும்மா வாயில வந்தத சொன்னேன்."

"இடது பக்கம் பாய்வான்னு சரியாச் சொன்னீங்களே."

"அதுவும் சும்மாதான்டா."

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான், நாலு வார்த்தை கேட்பான் என்று அவர் காத்திருந்தார். அவனுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை மாசம் மூட்டையின் கீழே தாங்கிக்கொண்டிருந்தது ஏதோ விட்டுப்போன மாதிரி, இன்னொரு தோளும் இறங்கிவிட்டது. மனைவி தட்டில் சோறு போட்டு எடுத்து வந்து, "சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள். "பசிக்கலக்கா" என்று எழுந்தான்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவன், திரும்பி அவரைப் பார்த்தான்.

"மாமாவப் பார்த்துட்டு வரேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். மாமா என்ன சொன்னாருன்னு கேப்பா. என்ன மாமா சொல்லட்டும்?"

அப்புறம் படி இறங்கிப் போனான்.