கொப்புளம் விட்ட சுவர்

வெயில் ஏறிய பலகைச் சுவரில் புடைத்து நிற்கும் பெயின்ற் கொப்புளத்தைப் பெருவிரலால் அழுத்தினால் ‘சடக்’ என்று உடையும். உள்ளே வெதுவெதுப்பாக ஈரம் கசியும். எழுபதுகளில், ஊரைவிட்டுக் கடல்கடந்து வந்து, டிசம்பரில் கோடை தொடங்கும் டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்சுவர் ஒரு கோடை முழுக்க அப்படித்தான் பொங்கிக் கிடந்தது.

குற்றவாளி அப்பாதான். ஊரில் சுண்ணாம்பு அடிக்குமுன் கல்சுவரை நனைப்பார்கள். “சுவர் தண்ணி குடிச்சால்தான் வெள்ளை பிடிக்கும்” என்று சொல்லிக்கொண்டே, தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் பலகையையும் வாளி வாளியாகக் குளிப்பாட்டி, பழைய பூச்சைச் சுரண்டாமல், ஈரத்தோடு ஈரமாக எண்ணெய்ப் பெயின்றைப் பூசிவிட்டார். “இஞ்சாருங்கோ, இது ஊர்ச் சுவரில்லை” என்று அம்மா சொன்னது எடுபடவில்லை.

அம்மா ‘குசினி’யில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு வயதுத் தம்பியைப் பார்ப்பது எட்டு வயதுக்காரியான என் வேலை. அவன் சிணுங்கல் தாங்காமல் ஒருநாள், சுவரில் உரிந்த பெயின்ற் சுருள் ஒன்றைக் கையில் கொடுத்தேன். வாயில் போட்டுச் சப்பினான், அழுகை நின்றது. பிறகு தினமும் கொடுத்தேன்.

பெயின்ற் அடிப்பதையே தொழிலாகச் செய்த பக்கத்து வீட்டு இத்தாலியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பலகைக்குள் அடைபட்ட தண்ணீர் வெயிலில் ஆவியாகி, வழியில்லாமல் பூச்சைத் தள்ளுகிறதாம். தளர்ந்த பழசை நீக்கி, மரத்தை நன்றாகக் காயவிட்டு, அடிப்பூச்சு கொடுத்த பிறகுதான் மேல்பூச்சாம். போகிற போக்கில், பழைய பூச்சில் ஈயம் இருக்கும், பிள்ளை தின்றால் மூளை பழுதாகிவிடும் என்றும் சொன்னார். நான் அம்மாவிடம் ஓடினேன்.

“தம்பி திண்டவன்” என்று அழுதேன். அம்மா அவனை அள்ளிக்கொண்டு டொக்டரிடம் ஓடினா.

“எத்தினை திண்டவன், பிள்ளை?”

“ஒண்டுதான் அம்மா.”

இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவன் தடுக்கி விழுந்தாலும், கூப்பிட்டுத் திரும்பாவிட்டாலும் ஓடிப்போய் அவன் முகத்தைப் பார்ப்பேன். இரத்தத்தில் ஈயம் கொஞ்சம் கூடுதல்தான், வளர வளரப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

இன்று அந்த வீடு இல்லை, அடுக்குமாடி நிற்கிறது. அப்பாவும் இல்லை. கடையில் வாங்கும் பெயின்றில் இப்போது ஈயமும் இல்லை. தம்பிக்கு ஐம்பது கடந்துவிட்டது. போன ஞாயிறு கார்ச்சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியவன், “வயசு போட்டுது அக்கா” என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கோடையில் எத்தனை ஊட்டினேன் என்று நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.