மாரியம்மாள் பேர் வெட்டிய டம்ளர்

திரௌபதிக்குக் கோபம் வந்தால் முதலில் ஊன்றுகோல் தரையில் இடிபடும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்தச் சத்தத்துக்கே தெரு நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

பதினாலு வயதில் உப்பளத்தில் கூடை தூக்கத் தொடங்கியவள். முப்பத்தாறாம் வயதில் ஈர உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு கோணலாகக் கூடி, இடது கால் நாலு விரற்கடை குட்டையாகிவிட்டது. புருஷன் அதற்கு முன்பே செத்திருந்தான். பிள்ளை இல்லை. முதலாளி வந்து பார்த்தார். உடைந்த கூடைக்குக் காசு பிடிக்கப்போவதில்லை என்று தர்மப்பிரபு மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊனமுற்றவர்களுக்கு சர்க்கார் மாதாமாதம் மணியார்டர் அனுப்புகிறதாம் என்று எழுபத்தாறாம் வருஷம் மரக்காணம் டீக்கடைகளில் பேச்சு. திரௌபதி மனுப் போட்டாள். வெள்ளிக்கிழமை தாலுக்கா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., நேரில் விசாரிக்க வருவார் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போனான்.

அங்கேதான் தெருவே சேர்ந்து காரியத்தைக் கெடுத்தது. ஆபீசரைத் தரையிலா உட்கார வைப்பது? பக்கத்து வீட்டு மாயவன் தன் கல்யாண நாற்காலியைத் தூக்கிவந்து போட்டான். போகிற போக்கில் நிழலுக்காகத் தன் இரண்டு ஆடுகளையும் அவள் வாசலில் கட்டினான். எதிர்வீட்டு மாரியம்மாள் தன் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரையும், ஊதாப் பூப்போட்ட தீபாவளிப் புடவையையும் தந்தாள். கிழிசலோடு போய் ஆபீசர் முன் நின்றால் தெருவுக்கல்லவா அசிங்கம்?

ஆர்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரில் கலர் சோடா குடித்தார். புடவையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். அவள் காலை மட்டும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் வந்த கடிதத்தை போஸ்ட்மேன் படித்துக் காட்டினார். மனுதாரர் வசதியுடன் வாழ்கிறார், மனு தள்ளுபடி.

ஊன்றுகோல் இடிபட்டது.

"ஏம்பா மாயவா, உன் நாற்காலியத் தூக்கு. ஆட்டையும் அவுத்துக்கினு வா. மாரி, அந்த டம்ளர எடு. பொடவையக் கட்டிக்கோ."

"எங்கக்கா?"

"தாலுக்கா ஆபீசுக்கு. என் வசதியெல்லாம் காட்டிட்டு வரலாம்."

பஸ்ஸில் கண்டக்டர் ஆட்டுக்கு டிக்கெட் கேட்டார். "அது என் சொத்துன்னு சர்க்காரே எழுதிட்டாங்க. அவங்களப் போய்க் கேளு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

ஆர்.ஐ.யின் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போடச்சொல்லி உட்கார்ந்தாள். ஆடு ஒன்று ஏதோ ஃபைலை முகர்ந்து பார்த்தது.

"இது யாரு நாற்காலி, சொல்லு மாயவா."

"என்துங்க. ஆடும் என்துதாங்க. சார் குந்தறதுக்கோசரம் அன்னிக்குக் குடுத்தேன்."

"பொடவ?"

"நான் கட்டிக்கினு கீறனே, இதாங்க" என்றாள் மாரியம்மாள்.

ஆர்.ஐ.க்குப் புடவை அடையாளம் தெரிந்துவிட்டது. "அப்போ எதுக்கும்மா என்ன ஏமாத்துனீங்க?"

திரௌபதி டம்ளரை அவர் முன் டக்கென்று வைத்தாள். "ஏமாத்தலீங்க. மரியாத பண்ணோம். படிச்சவரு நீங்க, வாய் வச்சிக் குடிச்சீங்களே, மாரியம்மாள்னு பேரு வெட்டியிருக்கறது தெரியலியா? இல்ல, பேரக்கூட கேக்காமத்தான் எழுதுனீங்களா?"

குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் இருமினார்.

"மறுபடி வந்து பாக்கறேன்மா."

"வாங்க. இந்தத் தபா சொல்லிட்டு வராதீங்க."

சொல்லாமல்தான் வந்தார். உச்சி வெயில். உட்கார ஒன்றுமில்லாததால் நின்றார். தண்ணீர் கேட்டார். திரௌபதி கொட்டாங்குச்சியில் மொண்டு நீட்டினாள். வாசல் தேடி வந்தவனுக்கு இதில் கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று அவர்மேல் இன்னும் எரிச்சலாக வந்தது. அவர் குடித்துவிட்டு, அவள் காலைப் பார்த்தார். வெகுநேரம் எழுதினார்.

மூன்று மாதம் கழித்து முதல் மணியார்டர் வந்தது. அரிசிக்குப் போக மிஞ்சியதில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள்.

"யாரு பேரும்மா வெட்டணும்?" என்றான் கடைக்காரன்.

"திரௌபதின்னு வெட்டு. பெருசா வெட்டுப்பா. அந்த ஆளு திரும்ப வந்தா படிச்சிட்டுக் குடிக்கட்டும்."