நிலத்தைக் கேட்டுக் கிண்டிய வீடு

அத்திவாரம் கிண்டுகிற தொழிலில் முதல் மண்ணை அள்ளுமுன் யாரும் யாரையும் கேட்பதில்லை. இயந்திரத்தில் ஏறினால் கிண்டுவதுதான். நீங்களும் இந்தத் தொழிலில் இடுப்பொடிந்தவர்கள் என்றால் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது ஆள்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். லவால் என்ற குளிர்தேச ஊரில் மொரி என்ற ஜப்பானியரும் மனைவியும் வீடு கட்டினார்கள். கிண்டுமுன் நிலத்தைச் சுத்தி செய்யும் சடங்கு வேண்டுமாம். நாலு மூலையிலும் பச்சை மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, நடுவே மணல் குவிப்பார்கள். வரைபடம் போட்டவர் மணலில் செருகிய புல்லை அரிய, வீட்டுக்காரர் கொத்த, மூன்றாவதாக நிலம் கிண்டப்போகிறவர் மண்வெட்டி போட வேண்டும். அது நான்.

என் மனைவி இறந்து பத்து நாள். வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தேன். சாவுத் துடக்கோடு நல்ல காரியத்தில் கை வைக்க மனம் வரவில்லை. முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியும்வரை தொடமாட்டேன், வேறு ஆளைப் பிடியுங்கள் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். மொரியின் மனைவி சொன்னார்: "எங்களுக்கும் அப்படித்தான், சாவு வீட்டார் இதில் நிற்பதில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்."

உறைபனி

மார்கழி பிறந்தால் நிலம் உறைந்து இறுகிவிடும். என் முதலாளி ராசன் அண்ணை வேறு ஓட்டுநரை அனுப்புவதாகச் சொல்லிப் பார்த்தார், எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்ன மொரி வீட்டார் சம்மதிக்கவில்லை. கோபம் என் பக்கம் திரும்பியது. "செத்தவீட்டுக்கு வந்தனான், உன்ரை கவலை எனக்கு விளங்குது. பனிக்கு விளங்காதடா."

கரும்பு

முப்பத்தொன்று முடிந்து நான் அங்கே போனபோது, அவர்கள் எடுப்பித்து வைத்திருந்த மூங்கில் வாடிக் கிடந்தது. என்னால்தான். நம்மவர் கடைகள் உள்ள பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு ஓடி நாலு கரும்பு வாங்கி வந்தேன். பச்சைத் தோகையோடு நிற்கிறதே, போதும் என்று மொரியின் மனைவி தானே பிடித்துக்கொள்ள, நான் கயிறு கட்டினேன்.

மூலைகளில் அரிசியும் உப்பும் தூவி, சாராயம் ஊற்றினார்கள். மணல் உறையாதிருக்க, தாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். என் முறை வந்தது. மூன்று தரம் மண்வெட்டி போட்டேன். பிறகு இயந்திரத்தில் ஏறினால், வாளியின் பல் உறைந்த நிலத்தில் பட்டுத் துள்ளியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்ற ராசன் அண்ணை சொன்னார்: "நிலம் ஓமெண்டிட்டுது, இன்னும் நித்திரையாலை எழும்பேல்லை. அவசரப்படாமல் ஆறுதலாக் கிண்டு."

எத்தனையோ குழி கிண்டிவிட்டேன், எனக்காகக் காத்திருந்தது அந்த ஒன்றுதான்.