நீல முனைக் கேபிள்

மனைவியின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தார் கண்டியில் வந்து குடியிருந்தாலும் முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் அந்தச் சிறு நினைவுப் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். முதல் பக்கத்தில் போனவரின் படம், தனியாக. யாழ்ப்பாணத்து அச்சகத்தோடு பேசுகிற பொறுப்பை அவளுடைய தம்பி எடுத்துக்கொண்டான். கலியாண வீடொன்றில் எடுத்த படத்தை வீட்டார் தெரிவு செய்தார்கள். போனில் இருந்த பிரதி மங்கல், அச்சுக்கு உதவாது என்று அச்சகம் சொல்லிவிட்டது. மூலப்படம் அவளுடைய லப்டொப்பில் இருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய அவசரத்தில் அது மேசையிலிருந்து விழுந்து, திரை கறுத்துப் போயிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளி அலவத்துகொடை முஸ்லிம்; 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகும். புதுத் திரை கொழும்பிலிருந்து வர நாளாகும் என்றார். பிறகு, "ஊட்டுல மொனிட்டர் ஒன்னு ஈக்கா சேர்? அதுல மாட்டினா வேல முடிஞ்சிரும்," என்றார்.

இருந்தது. ஊரடங்குக் காலத்தில் அலுவலகம் கொடுத்த பழசு. "அப்ப ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் தாங்கோ," என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல. வீட்டுக்கு வந்து மொனிட்டரைத் திருப்பினால் அந்த ஓட்டையே இல்லை. நீல நிறத்தில், வரிசையாகத் துளை வைத்த வேறொன்று இருந்தது. எத்தனையோ காலம் அதன் முன்னால் உட்கார்ந்தவன், ஒருநாளும் பின்னால் பார்த்ததில்லை.

லப்டொப், மொனிட்டர் இரண்டின் ஓட்டைகளையும் போனில் படமெடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

"இது வி.ஜி.ஏ. சேர்." முதலாளி நீல முனைக் கேபிள் ஒன்றையும் சின்னக் கொன்வேட்டர் ஒன்றையும் எடுத்து வைத்தார். "இது லப்டொப்புலேருந்து மொனிட்டருக்குப் போறது. மத்தப் பக்கம் போறதும் ஈக்கி, பாக்க ஒரே மாதிரி. மாத்தி வாங்கினா ஒன்னும் வராது. யாருட லப்டொப்?"

"வைஃபின்ரை."

"அவங்கட்டயே கேட்டீந்தா சரியாச் செல்லீப்பாங்களே."

"அவ செத்துப்போனா," என்றேன். கேபிள் கேட்ட அதே குரலில்தான் சொன்னேன். கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றுவிட்டது.

வீட்டில் நீல முனையைச் செருகி, இரு பக்கத் திருகாணியையும் இறுக்கினேன். மொனிட்டரில் வெளிச்சம் வந்தது. ஒரு மலைப் படம், அவ்வளவுதான். ஒரு கோப்புக்கூட இல்லை. செத்த திரையையே இன்னும் தன் திரை என்று லப்டொப் நினைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் அங்கே, இருட்டுக்குள். கடைக்குப் போன் அடித்தேன்.

"விண்டோஸ் பட்டன அமத்திக்கிட்டே 'P' எழுத்த ரெண்டு தரம் தட்டுங்க. பொறகு என்டர்," என்றார் முதலாளி. இந்த முறை மிக மெதுவாகப் பேசினார்.

எல்லாம் இந்தப் பக்கம் வந்தது. படத்தைத் திறந்தேன். மொனிட்டர் நிறைய அவள், சேலையில், வாய்விட்டுச் சிரித்தபடி. பக்கத்தில் நான், அவள் தோளில் கை போட்டபடி. கல்வெட்டில் நான் நிற்க முடியாது. படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தேன். முதலில் என் காது போனது, பிறகு முகம், பிறகு நெஞ்சு. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேலை முடிந்தது என்று அவள் தம்பிக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றினேன்.

பின்னேரம் அவன் போன் எடுத்தான். "அத்தான், படம் நல்ல தெளிவாம். ஆனா அக்கான்ரை தோளிலை உங்கடை விரல் தெரியுதாம். அழிச்சு விடட்டோ எண்டு அச்சகத்திலை கேக்கினம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மூச்சுத்தான் உடைந்து உடைந்து வந்தது.

அது அவனுக்குக் கேட்டது.

"சரி அத்தான்," என்றான். "அது இருக்கட்டும்."