என் முகமும் ‘போர்வை’யும்

என் மாமாவின் மூன்றாவது இசைப்பதிவு ஏன் அப்படிக் காதைக் கிழிக்கிறது என்று இணையத்தில் இன்றும் சண்டை நடக்கிறது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் கார் தகடுகளை அடித்துக்கொண்டே, மிச்ச நேரத்தில் வீட்டு மாடியில் இரும்புச் சத்தங்களைக் கோத்து இசை செய்தவர். இசை என்பது என் சொல். அம்மா அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தாள். மாமா அந்த முயற்சிக்கு ‘ரெண்டாம் ஷிப்ட்’ என்று பெயரிட்டிருந்தார். முதல் பதிவு ‘துரு’, அடுத்தது ‘பிசிறு’, மூன்றாவது ‘போர்வை’. முதலாவது முழுக்க வயிற்றுக்குள் உருளும் கனத்த சத்தங்கள், இரண்டாவதில் கொஞ்சம் கூர் ஏறியிருந்தது. மூன்றாவதை முழுக்கக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருப்பதிலேயே கொடூரமான அதற்குப் போய் எதற்குப் ‘போர்வை’ என்று பெயர் என்பதுதான் ரசிகர்களைத் தூங்கவிடாத கேள்வி.

அது முதலாளித்துவத்தின் மீதான கேலி என்கிறார் ஒருவர். கலைஞன் தன் ரசிகர்களையே வெறுக்கத் தொடங்கிய கட்டம் என்று இன்னொருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் ஒருவர், இந்தியத் தொழிலாளியின் அடக்கிவைத்த அலறல் என்று எழுதி, கீழே அழுகிற பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார். எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றுகூடச் சரியில்லை. காரணம் நான். இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஒன்பது வயதில் நான் வைத்திருந்த முகம்.

அப்போது தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை மாமாவுக்கு. அதற்குள் திருகுகள் நிறைந்த ஒரு ஒலிப்பெட்டி, இரண்டு ஸ்பீக்கர்கள், ஸ்பிரிங்குகள், பட்டறையில் கழித்துப்போட்ட ரம்பத் தகடுகள், ஒரு பழைய கம்ப்யூட்டர். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், நண்பர் ஒருவரின் லேத் பட்டறைக்குப் போய் கிரைண்டர் சத்தத்தையும் கம்ப்ரசர் சத்தத்தையும் பிடித்துவருவார். மற்ற வீட்டு மாமாக்கள் திருவிழாவிலிருந்து பொரி வாங்கி வருவதுபோல எங்கள் மாமா எனக்கு டிரில்லிங் மெஷின் சத்தம் வாங்கி வருவார்.

மாமா பேசினால் தெருமுனை வரை கேட்கும். பிரஸ் ஷாப்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்பார் அப்பா. குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போனால், மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டியவர், பருப்பு கருகி வாசம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “இவனுக்கு அந்த டப்பா சத்தத்துல இருக்கற கவனம் சோத்துல இல்ல” என்று அம்மா திட்டுவாள். கம்பெனியில் காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு அடைப்பான்கள் கொடுப்பார்கள். மாமா அவற்றை அப்படியே சட்டைப்பையில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவார். “அத்த செருகிக்கினா மெஷினு பேசறது கேக்காது பாப்பா” என்பார். என் பொம்மைக்கு அவை தலையணைகள். வீட்டிலேயே அதிகத் தலையணை வைத்திருந்தது அந்தப் பொம்மைதான்.

மாமா புதிதாக எதையாவது உருவாக்கும்போது என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்காரவைப்பார். திருகை மெல்லத் திருப்புவார். கண்ணெல்லாம் என் முகத்தின் மேல் இருக்கும். சத்தம் கூர்மையாகி என் புருவம் நெரியும் இடத்தில் நிறுத்துவார். இம்மி பின்னால் திருப்பி, திருகின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். “க்யூசி ஓகே” என்று என் தலையைத் தட்டுவார். கம்பெனியில் தரம் பார்க்கிறவர்களுக்கு அதுதான் பெயர். அவர்கள் ஓகே சொல்லாமல் ஒரு தகடும் வெளியே போகாதாம். அப்படிப்பட்ட பதவி ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக இருந்தவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

விடுமுறை நாட்களில் ரசிகர்கள் வருவார்கள். ரசிகர்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் பெங்களூரிலிருந்து எல்லை தாண்டி பஸ்ஸில் வரும் கம்ப்யூட்டர்காரர். கன்னடத்தையும் தமிழையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்து பேசுவார். இன்னொருவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து மாமாவின் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். மூன்றாமவர் கிருஷ்ணகிரியில் காலேஜ் படித்த அண்ணன். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. மாமா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவர் ஊரில் இல்லாதவர் போல மூவரும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். மாமாவும் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அன்று ‘பிசிறு’ ஓடிக்கொண்டிருந்தது. “துருவுல ஒரு கனம் இருந்துச்சுண்ணே. இதுல கூர் ஏறிருச்சு. ஆளு மாறிட்டாரு” என்றார் மதுரைக்காரர். மாறினால்தான் கலைஞன் என்றார் பெங்களூர்க்காரர். அடுத்த பதிவு எந்தப் பக்கம் போகும் என்று இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரம்பத் தகடு கீச்சிடும் இடம் வந்தது. பழக்க தோஷம், என் முகம் தானாகச் சுருங்கிவிட்டது.

“பாப்பாவுக்கு நோவுது குரு. கீழ அனுப்பிடுங்க, பாவ” என்றார் பெங்களூர்க்காரர்.

“அது நம்ம க்யூசிண்ணே. அது மூஞ்சியச் சுளிச்சாத்தான் சரக்கு பாஸு” என்றார் மதுரைக்காரர்.

என் கெட்ட நேரம், அம்மா டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தையும் கேட்டாள், அவர்கள் பேச்சையும் பார்த்தாள் என்று சொல்லலாம். அந்த அளவுக்குக் கோபம். “இன்னொரு தபா இவ மூஞ்சி இப்பிடிக் கோணிக்கினு இருக்கறத பாத்தேன், மாடிப்படி ஏற விடமாட்டேன்” என்று மாமாவிடம் சொன்னாள். “புள்ளைக்குக் காது போச்சின்னா யாருடா பதில் சொல்றது?”

எனக்கு உலகமே இடிந்துவிட்டது. அந்த வாளி போனால் நான் யார்? கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் சாதாரணப் பெண். இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, சத்தம் மாற வேண்டும். அது மாமாவின் கலை, அதில் நான் கைவைக்க முடியாது. இன்னொன்று, என் முகம் மாற வேண்டும். அது முழுக்க என் சொத்து.

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் பயிற்சி. எவர்சில்வர் தட்டை ஸ்பூனால் கீறுவேன், முகம் அசையக் கூடாது. எலுமிச்சம்பழத்தைக் கடிப்பேன், புருவம் நெரியக் கூடாது. முதலில் கண் மட்டும் துடித்தது. பிறகு அதையும் அடக்கினேன். பள்ளியில் கணக்கு டீச்சர் திட்டியபோதும் அதே முகத்தோடு நின்று, அதற்காகத் தனியாக அடி வாங்கினேன். ஆனால் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா மூன்றாவது பதிவைத் தொடங்கினார். என்னை வாளியில் உட்காரவைத்தார். திருகைத் திருப்பினார். சத்தம் மெலிந்து மெலிந்து ஊசியாகி, காதுக்குள் நுழைந்து பின்மண்டையைத் தொட்டது. நான் சுவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தேன். மாமா நிறுத்தினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். ஸ்பீக்கர் மேல் கைவைத்துப் பார்த்தார். மறுபடி திருப்பினார். பழைய சாக்பீஸ் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது திருகு.

“குத்துதா பாப்பா?”

“இல்ல மாமா.”

“நெசமா?”

கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு ரசிகையாக ஏதாவது அழகாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“மெத்துன்னு இருக்கு மாமா. போர்வ போத்திக்கின மாதிரி.”

மாமாவின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. “அப்பிடித்தான் பாப்பா எனக்கும் இருக்குது. அதே தான்” என்றார். புதுக் கோடு போட்டார். பெயரும் அங்கேயே முடிவாகிவிட்டது. முதலாளித்துவம், வெறுப்பு, அலறல் எல்லாம் அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று ரசிகர்களும் ‘போர்வை’யை முதன்முதலாகக் கேட்ட நாளில் தெருநாய்கள் எல்லாம் ஊளையிட்டன. வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, “ஏமப்பா இதி, எங்கியாச்சும் கரண்ட்டு லீக் ஆவுதா?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப்போனார். மதுரைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். காலேஜ் அண்ணன் முழங்கால்களுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டார். பெங்களூர்க்காரர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது வலியா ரசனையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அம்மா இடையில் வந்து கதவருகே நின்று என்னைத்தான் பார்த்தாள். என் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. தோற்றுப்போனவளாகக் கீழே போனாள். நான் ஜெயித்துவிட்டேன்.

சத்தம் நின்றதும் மதுரைக்காரர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். இதுதான் உச்சம் என்றார் ஒருவர். யாருக்கும் இந்தத் துணிச்சல் வராது என்றார் இன்னொருவர். இதற்குப் ‘போர்வை’ என்று பெயர் வைக்க என்ன குசும்பு வேண்டும் என்று வியந்தார்கள். மாமா கூச்சத்தோடு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது காலேஜ் அண்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தார். “அண்ணா, கடேசில எல்லாம் அடங்கினப்புறம் ஒரு விசில் மட்டும் தனியா போவுதே, மெலிசா, ரொம்ப நேரம். அத எப்பிடிண்ணா புடிச்சீங்க?”

மாமா நிமிர்ந்து, “எந்த விசிலு?” என்று கேட்டார்.

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. “எந்த விசிலாம்” என்று மதுரைக்காரர் தொடையைத் தட்டிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரிய கலைஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்றார் பெங்களூர்க்காரர். இணையத்தில் இன்றுவரை அந்தப் பதிலைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதற்குப் பல மாதங்கள் கழித்து, கம்பெனியில் ஊழியர்களுக்குக் காது சோதனை வைத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்களாம். கனத்த சத்தங்களுக்குக் கையைத் தூக்கிய மாமா, கூர்மையானவை வந்தபோது கையை மடியில் வைத்தபடி, அடுத்ததை எப்போது தொடங்குவார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா, குக்கருக்காகத் திட்டியதையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். மாமா இப்போதும் பதிவுகள் செய்கிறார். எல்லாம் தரைக்கு அடியில் ஓடுவதுபோன்ற தாழ்ந்த சத்தங்கள். கனிந்த கட்டம் என்று ரசிகர்கள் எழுதுகிறார்கள். அவை எனக்கும் பிடிக்கும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தச் சிரிப்பின் நடுவில்தான். “எந்த விசிலு?” என்று கேட்டுவிட்டு, மாமா சிரித்தவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு முழு மூச்சு நேரம் என் முகத்தையே பார்த்தார். ரசிகர்கள் முன்னால் தன் க்யூசியைப் பெருமையாகப் பார்க்கிறார் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. அதனால், பழகிவைத்திருந்த அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகு, மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.