கழுத்தோடு சேர்ந்த முகம்

பெல்மதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுபவள் ஜெயமதி. கடையில் விற்கிற ஃபவுண்டேஷன் எதுவும் நம் நிறத்துக்கு ஒத்துவராது என்று திட்டிக்கொண்டே, இரண்டு மூன்று போத்தல்களிலிருந்து தட்டில் ஊற்றித் தானே கலந்துகொள்வாள்.

முதன்முதலில் தன் கல்யாணத்துக்குத்தான் கலந்தாள். கையில் தடவி நிறம் பார்த்தாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய கை அது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை போட்டிருந்த கறுப்புக் கோட்டைவிட அவள் முகம்தான் கறுப்பு. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை, அவள் உட்பட. அன்றிலிருந்து கழுத்தில்தான் தடவிப் பார்ப்பாள்.

போன மாதம் கோகிலவாணியின் கல்யாணம்.

"கொஞ்சம் வெள்ளையா போட்டு விடு புள்ள," என்றாள் பெண்ணின் அத்தை.

ஜெயமதிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வெள்ளை வேணும்னா லயத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவங்களக் கூப்பிடுங்க. நான் மூஞ்சியக் கழுத்தோட சேர்க்கிறவ."

எல்லாம் முடிந்து கதவைத் திறந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா எட்டிப் பார்த்து, பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. இன்னும் மேக்கப்பே ஆரம்பிக்கலயா?"

ஜெயமதி வாய்கொள்ளாத சிரிப்போடு தட்டைக் கழுவப் போனாள்.