இரண்டு பாடைக்கு ஒரே கொடி

சாரம் சரிந்த காலை

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புது ஸ்டோர் கட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தோட்டத்துத் தொழிற்சாலையை. நான் அங்கே சாந்து சுமந்தேன். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, தாச்சி என்கிற இரும்புச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்து, மேசன்மாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். சுவர் இடுப்பளவு இருந்தவரை கஷ்டம் தெரியவில்லை. சுவர் வளர வளர நாங்களும் சாரத்தில் ஏற வேண்டியதாயிற்று.

அந்தச் சாரம் கமுகு மரத்தில் கட்டியது. மரம் நல்ல மரம்தான். கட்டியிருந்த தேங்காய்த் தும்புக் கயிறுதான் மோசம். மழைக்காலம் முழுக்க நனைந்து ஊறி, கையால் திரித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கருப்பையா மேசன் கான்ராக்டரிடம் இரண்டு முறை கேட்டார்.

"முதலாளி, கயிறு இத்துப் போச்சுங்க. புதுசு வாங்கிக் குடுங்க."

"கூரை போடுற வரைக்கும் தாங்கும். நீ சொவத்தப் பாரு" என்றார் கான்ராக்டர்.

ஒரு நாள் மழை விட்ட காலை. கருப்பையா மேசன் மேல் பலகையில் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சாந்து கொடுக்க அங்கம்மா ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஏற நான் ஏணியடியில் நின்றேன். முதலில் ஒரு சத்தம், காய்ந்த ஓலை கிழிகிற மாதிரி. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பலகை சாய்ந்துவிட்டது. கருப்பையா அந்த இடத்திலேயே போய்விட்டார். அங்கம்மாவுக்கு மூச்சு இருந்தது. அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியில் ஏற்றும்போது அதுவும் அடங்கியது. அவள் தலையில் இருந்த சும்மாடு கலையாமல் கற்களுக்கு நடுவே கிடந்தது. அதை எடுத்து என் மடியில் செருகிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

அன்று மாலையே கான்ராக்டர் ஆள் அனுப்பினார். மறுநாள் வழக்கம்போல் வேலை, வராதவர்களுக்கு இனி இங்கே இடமில்லை.

கொடி யாருக்கு

எங்கள் கட்டட வேலைக்காரருக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆரம்பித்துச் சில மாதங்கள்தான். அதை நடத்தியவர் பியசேன பாஸ். தச்சு வேலை செய்கிற சிங்களவர். தொழில் தெரிந்த மேஸ்திரியை அங்கே பாஸ் என்பார்கள். தமிழ் எங்களைப் போலவே பேசுவார். சங்கத்துக்கு இருந்த ஒரே சொத்து ஒரு சிவப்புக் கொடி. கடைவீதித் தையல்காரரிடம் தைத்தது, இரட்டைப் பாய் அகலம் இருக்கும்.

சங்கத்தில் இருந்தது ஆண்கள் மட்டும். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எங்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு சாவும் ஒரே லயத்தில். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள், அதில் ஒரு குடும்பத்து அறையைக் காம்பரா என்போம். மறுநாள் காலை பியசேன பாஸ் கொடியை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. பாஸ் நேராகக் கருப்பையாவின் வாசலுக்குப் போனார். அங்கம்மாவின் காம்பராவில் இருந்த பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒப்பாரி நின்றுவிட்டது. நான் எழுந்து வெளியே போனேன்.

"பாஸ், அங்கம்மாவுக்குக் கொடி இல்லீங்களா?"

அவர் திகைத்துப் போனார். "நங்கி, கொடி ஒண்ணுதானே இருக்கு. அங்கம்மா சங்கத்துல இல்லையே." நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. வேலைத்தலத்தில் எங்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"சேருன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா பாஸ்? விழுறப்ப அவளும் அதே பலகையிலதானே நின்னா?"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் அதுவரை நான் வாய் திறந்ததில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மற்றப் பெண்களும் வெளியே வந்து என்னோடு நின்றார்கள்.

பியசேன பாஸ் கையில் இருந்த கொடியையே பார்த்தார். பிறகு சொன்னார். "நங்கி சொல்றது சரி. பிழை எங்களோடது. ரெண்டு பாடையையும் பக்கத்துல பக்கத்துல தூக்குவோம். ஒரே கொடிய ரெண்டுக்கும் சேத்துப் போடுவோம்."

உடனே கருப்பையாவின் அண்ணன் பெரியசாமி எழுந்தார். "என்ன பாஸ் பேசுறீங்க? என் தம்பியையும் அடுத்தவன் பொண்டாட்டியையும் ஒரே துணியில மூடுறதா? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. எல்லோரும் அங்கம்மாவின் புருஷன் சடையனைப் பார்த்தார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். காலையிலிருந்து சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அவர் மெல்ல எழுந்து பெரியசாமியிடம் வந்தார்.

"அண்ணே, கருப்பையா எனக்கும் தம்பிதான். என் வீட்டுக்காரி அவருக்குச் சாந்து குடுக்கத்தான் மேல ஏறுனா. ஒரே பலகையில நின்னு வேல செஞ்சப்ப ஊரு ஒண்ணும் பேசலையே. இப்ப பேசுனா பேசிட்டுப் போகட்டும். போடச் சொல்லுங்க."

பெரியசாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கொடியின் ஒரு முனையை அவரே பிடித்தார். மறுமுனையைச் சடையன் பிடித்தார்.

லொறி

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாடை, மேலே ஒரே துணி. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது லேசில்லை. ஒருவர் முந்தினாலும் கொடி இழுத்துக்கொள்ளும். தூக்கியவர்கள் கூரை உத்தரம் தூக்கிப் பழகியவர்கள். தோளை எப்படிச் சமமாக வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பு மேளத்தின் அடிக்கு அடி, கால்கள் ஒன்றாக விழுந்தன. நாங்கள் பெண்கள் பின்னால் நடந்தோம். வழக்கமாக லயத்து முனையிலேயே பெண்கள் நின்றுவிட வேண்டும். அன்று யாரும் நிற்கவில்லை. நில் என்று சொல்லவும் யாரும் இல்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோடு குறுகும் இடத்தில் எதிரே ஒரு லொறி வந்து நின்றது. முன் சீட்டில் கான்ராக்டர். பின்னால் கரண்டியும் மட்டப்பலகையுமாக ஒரு லொறி ஆட்கள். எங்கள் இடத்துக்கு வேறு ஆட்களைக் கொண்டுவருகிறார் என்று பார்த்ததுமே புரிந்தது. அவர்கள் போய் இறங்கினால் எங்கள் கதை அன்றோடு முடிந்தது.

கான்ராக்டர் தலையை வெளியே நீட்டினார். "கொஞ்சம் ஒதுங்குங்கப்பா. வேலைக்கு ஆள் போகணும்."

யாரும் ஒதுங்கவில்லை. ஒதுங்க இடமும் இல்லை. லொறியிலிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் குதித்தார். மீரான் மேசன், கஹவத்தை ஊர்க்காரர். பாடைகளையும் கொடியையும் பார்த்துவிட்டுப் பியசேன பாஸிடம் வந்தார்.

"ரெண்டு பேரா? எப்புடி மவுத்தானாங்க?"

"சாரம் விழுந்து. நேத்து."

"எங்க?"

"நீங்க இப்ப போற எடத்துலதான்."

மீரான் மேசன் கான்ராக்டரைத் திரும்பிப் பார்த்தார். "எங்ககிட்ட இதச் சொல்லலையே முதலாளி. ஆள் பத்தலைன்னுதானே கூப்பிட்டீங்க?"

"அதெல்லாம் பொறகு பேசலாம் மீரான். லொறியில ஏறு."

"இந்த ரெண்டு மையத்தையும் தாண்டி லொறி போகாது. இவங்க செத்த சாரத்துல நாங்க ஏறவும் மாட்டோம்."

அவர் லொறியைப் பார்த்துத் தமிழில் ஒரு தரமும் சிங்களத்தில் ஒரு தரமும் விஷயத்தைச் சொன்னார். முதலில் ஒரு சிங்களப் பையன் சாமானை லொறியிலேயே வைத்துவிட்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். எங்கள் ஆட்களுக்குத் தோள் வலித்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தோள் மாற்றிக்கொண்டார்கள். மீரான் மேசன் அங்கம்மாவின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தார். லொறி பின்னோக்கியே போய் எங்களுக்கு வழி விட்டது.

பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருவரையும் இறக்கினோம். என் மடியில் இருந்த சும்மாட்டை அங்கம்மாவோடு வைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுபடியும் ஏறியது

திரும்பி வரும் வழியில் பியசேன பாஸ் எங்களிடம் கேட்டார். "நங்கிமார் சங்கத்துல சேர்றீங்களா?"

"முதல்ல அங்கம்மா பேரச் சேத்துக்கிறதா இருந்தா நாங்க சேர்றோம்" என்றேன். அவர் தலையசைத்தார். அன்றைக்குச் சங்கத்தில் முதல் பெண் அங்கம்மா. அடுத்தது நான்.

கான்ராக்டருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மீரான் மேசன் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம். தோட்டத்துத் துரைக்கும் ஸ்டோர் அவசரம். கடைசியில் கான்ராக்டரே லயத்துக்கு வந்தார். எங்களுக்கு வேண்டியதைச் சொன்னோம். புதுக் கயிறு, அகலப் பலகை, ஓரத்தில் கைப்பிடி மரம். தினமும் சாரத்தைப் பார்த்துச் சரி சொல்வதற்கு நாங்கள் தேர்ந்தெடுக்கும் ஆள். அவர் சொல்லாமல் யாரும் ஏறுவதில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் அரை நாள் வேலை நிறுத்தி இருவரையும் கும்பிடுவது. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். பெண்களைப் பார்த்து, "இவங்களுக்குமா சங்கம்?" என்று மட்டும் கேட்டார். பெரியசாமிதான் பதில் சொன்னார். "ஆமாங்க, இவங்களுக்கும்தான்."

வேலை தொடங்கிய காலை, புதுச் சாரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் முதலில் ஏற யாரும் முன்வரவில்லை. நான் தாச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். ஒவ்வொரு படியிலும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இறுகக் கட்டியிருந்தது. மேலே போய் நின்றபோது காற்று நன்றாக வீசியது. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடுதா நங்கி?" என்று பியசேன பாஸ் கத்தினார்.

"ஆடல பாஸ். வாங்க!"

மேசன்மார் ஏறினார்கள். கருப்பையா விட்ட வரிசையிலிருந்து கல் வைத்தார்கள். அந்த ஸ்டோரைக் கட்டி முடித்தோம். பிறகு எத்தனையோ கட்டடங்கள். கஹவத்தையில் மீரான் மேசனும் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அந்த அரை நாளுக்கு வருஷா வருஷம் அவர் ஆட்களோடு வந்துவிடுவார்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், உங்களோடு அதில் ஏறுகிறவர் யார் என்று பாருங்கள். மேசனோ, சாந்து சுமக்கிறவளோ, நேற்று வந்தவரோ, அவர் சங்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கம்மாவிடம் நாங்கள் அவள் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.